பக்கவாதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? வீட்டு வாசலிலிருந்து ஸ்கேன் அறை வரை முழுமையான வழிகாட்டி

என் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்த காலையில், உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மாட்டுக் கொட்டத்தில் அவருடைய இடது கையிலிருந்து சாணிக் கூடை நழுவி விழுந்தது. வெற்றிலைச் சாறு வாயின் ஓர் ஓரமாக வழிந்தது. சித்தப்பா ஓடிப்போய், "என்ன ஆத்தா?" என்றார். "எனக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்றார் அப்பத்தா. நாங்கள் நம்பினோம். நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன்.

அரை மணி கழித்து அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. முதலில் பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போய், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி முடியும்வரை காத்திருந்தோம். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" அதற்கு நாங்கள் சொன்ன தவறான பதில்தான் அப்பத்தாவின் இடது கையை எடுத்துக்கொண்டது என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் கதையை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

பக்கவாதத்தைக் கண்டறிவது மருத்துவர் வேலை, நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருவது வீட்டார் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அது சரியல்ல. இந்த நோயில் பாதிக் கண்டறிதல் வீட்டில் நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் பகுதி வீட்டாருக்கு. பின்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அவசரப் பிரிவிலும் பணிபுரியும் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும். இரண்டையும் இரு தரப்பாரும் படித்தால் நல்லது.

மூளைக்குள் நடப்பது

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு விழுவது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் கசிவது இன்னொரு வகை. அடைப்புதான் பெரும்பான்மை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய்க்குள் கம்பி செலுத்தி அடைப்பை வெளியே எடுக்கும் சிகிச்சை வழக்கமாக 6 மணி நேரத்துக்குள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அதைச் செய்யலாம்.

அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எத்தனை அனுபவசாலியானாலும் முடியாது. அடைப்புக்கான மருந்து கசிவில் உயிரை எடுத்துவிடக்கூடும். ஸ்கேன் இல்லாத இடத்தில் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதல் படி: அறிகுறியைப் பார்ப்பது

"திடீரென்று" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாகக் கால் மெல்ல மெல்ல மரத்துவருவது வேறு நோய். நேற்று இரவு வரை, அல்லது பத்து நிமிடம் முன்புவரை நன்றாக இருந்தவருக்குச் சட்டென்று ஒன்று குறைந்தால் பக்கவாதத்தை நினைக்க வேண்டும்.

முகம். "சிரியுங்கள்" என்றால் பயந்திருப்பவர் சிரிக்க மாட்டார். "பல்லைக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு பக்க உதடு மேலே போய் மறு பக்கம் அசையாமல் நின்றால் அது அறிகுறி. வெற்றிலை போடுபவர்களுக்குச் சாறு ஒரு பக்கமாக வழியும். காபி குடிப்பவர்களுக்குக் காபி வழியும்.

கை. இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரியும்படி நேராக நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை மெல்லக் கீழே இறங்கினாலும், உள்ளங்கை தானாக உள்பக்கம் திரும்பினாலும் அந்தக் கை பலவீனப்பட்டிருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் சிறிய பலவீனம் மறைந்துவிடும். அதேபோல் படுத்த நிலையில் ஒவ்வொரு காலையும் தூக்கி ஐந்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள். நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு தானாகக் கழன்று போவதும் இதே வகைதான்.

பேச்சு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். "வாழைப்பழம் வழுக்கி விழுந்தது" என்று சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மதுரைப் பக்கத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலருக்கே ழகரம் ளகரமாகத்தான் வரும். அதை வைத்து நாக்குக் குழறுகிறது என்று முடிவுகட்ட முடியாது. "மீனாட்சி கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தோம்" என்று சொல்லச் சொல்லுங்கள். உதடு, நாக்கு, தொண்டை மூன்றுக்கும் அதில் வேலை இருக்கிறது. அவர் வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பதை வீட்டார்தான் அறிவார்கள். மருத்துவருக்கு அது தெரியாது.

பேச்சில் இன்னொரு வகைக் கோளாறு உண்டு. நாக்குக் குழறாது, சொற்கள் மாறிப்போகும். சொம்பைக் காட்டினால் "சாவி" என்பார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சரளமாகப் பேசுவார். நாம் சொல்வது அவருக்கு விளங்காது. இதைப் பேய் பிடித்ததாகவும், புத்தி பேதலித்ததாகவும், குடித்துவிட்டு உளறுவதாகவும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதையும் தொலைத்த குடும்பங்கள் உண்டு. பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். "வலது கையால் மூக்கைத் தொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

முகம், கை, பேச்சு மூன்றும் கெட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்று போதும். இவற்றோடு திடீர் பார்வைக் குறைவு, எல்லாம் இரண்டாகத் தெரிவது, நிற்க முடியாத தலைசுற்றல், வாழ்நாளில் அனுபவித்திராத கடுமையுடன் நொடியில் வெடிக்கும் தலைவலி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்களை ஏமாற்றிய அறிகுறி. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடக்கை, இடக்கால் போகும். சிலருக்கு அத்தோடு, அவை போய்விட்டன என்ற உணர்வும் போய்விடும். அவர்களுடைய இடது கையையே காட்டி "இது யாருடையது?" என்று கேட்டால் "உன்னுடையது" என்பார்கள். அப்பத்தா "எனக்கு ஒன்றும் இல்லை" என்றது பிடிவாதமும் அல்ல, பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணமும் அல்ல. அந்தச் சொல்லே நோயின் அறிகுறி. நோயாளி மறுப்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையைத் தூக்கச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

இரண்டாம் படி: நேரத்தை நிலைநிறுத்துவது

மருத்துவருக்குத் தேவையான நேரம், நீங்கள் நோயைக் கவனித்த நேரம் அல்ல. நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம். நாலரை மணி நேரக் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. தூக்கத்திலேயே வந்திருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு.

எங்களிடம் கேட்டபோது சித்தப்பா, "நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தார்" என்றார். காலையில் நாங்கள் யாரும் அவரைக் கவனித்துப் பார்த்திருக்கவில்லை. மருத்துவர் ஒன்பதிலிருந்து எண்ணினார். பதின்மூன்று மணி நேரம். ஊசி போட முடியாது என்றார். அவர் சொன்னது சரியான மருத்துவம். நான்கு நாள் கழித்துத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, மாடத்தில் பால் சங்கத்து அட்டை இருந்தது. அன்றைய தேதிக்கு நேரே, காலைப் பால் மூன்று லிட்டர் என்று எழுதியிருந்தது. சங்கத்துக்குப் போய் விசாரித்தேன். ஆறேகாலுக்கு அப்பத்தா தானே கேனைத் தூக்கி வந்து, ஊற்றி, மருமகளைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆறேகாலிலிருந்து பத்து மணி என்றால் மூன்றே முக்கால் மணி நேரம். எங்களிடம் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கிறது.

அதனால் நேரத்தைத் தேட வேண்டும். கைப்பேசியை எடுத்து, அவர் கடைசியாக யாரிடம் பேசினார் என்று பாருங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு, பேச்சு தெளிவாக இருந்ததா என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. டீக்கடை, பால் சங்கம், காலை பஸ் நடத்துநர், நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போகிறவர்கள், எதிர்வீட்டில் கோலம் போட்டவர் என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவர் நோயாளியோடு ஆம்புலன்ஸில் போகட்டும்; இன்னொருவர் ஊரில் நின்று இதை விசாரித்து ஃபோனில் சொல்லட்டும்.

மூன்றாம் படி: செய்யக் கூடாதவை

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். சோடா, காபி, கஷாயம், மாத்திரை எதுவும் வேண்டாம். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். கொடுத்தது நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது. மாரடைப்புக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே கொண்டுவராதீர்கள். கசிவாக இருந்தால் அது கேடு. புறா இரத்தம் தேய்ப்பது, மூக்கில் சாறு விடுவது, எண்ணெய் போட்டு உருவுவது ஆகியவற்றில் நம்பிக்கை உள்ள பெரியவர்களோடு அந்த நேரத்தில் வாதாட வேண்டாம். வண்டி ஏறுங்கள், அது போதும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சர்க்கரை நோயாளியாக இருந்து, வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், வண்டி வரும்வரை அதைப் பாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான்காம் படி: எங்கே போவது

108-ஐ அழைத்து, "பக்கவாதம் போல இருக்கிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று இரண்டையும் சொல்லுங்கள். தேவைப்படுவது, இருபத்து நான்கு மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்புக் கரைக்கும் ஊசி போடக்கூடிய மருத்துவமனை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மற்ற இடத்துக்குப் போனால், அங்கிருந்து கிளம்புவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். பேரையூர், எழுமலை, மேலூர்ப் பக்கம் இருப்பவர்கள், தங்களுக்கு அருகில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் பெரியாஸ்பத்திரி, அதாவது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, கோரிப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அந்தப் பக்கச் சாலைகள் மக்களால் நிரம்பிவிடும். அன்று சொந்தக் காரில் கிளம்பி நடுவழியில் நிற்பதைவிட ஆம்புலன்ஸை அழைப்பதே மேல்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், பழைய மருத்துவச் சீட்டுகள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறாரா, கடைசி மாத்திரை எப்போது, அண்மையில் அறுவை சிகிச்சையோ தலைக் காயமோ வயிற்றில் இரத்தக் கசிவோ உண்டா என்பவை ஊசி போடும் முடிவையே மாற்றும்.

ஐந்தாம் படி: அவசரப் பிரிவில் முதல் பத்து நிமிடம்

இனி என் சக ஊழியர்களுக்கு. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் பார்த்த கையோடு விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். அடைப்புக் கரைக்கும் ஊசிக்கு முன் எல்லா நோயாளிக்கும் கட்டாயமாகத் தெரிந்தாக வேண்டிய இரத்தப் பரிசோதனை அது ஒன்றுதான். உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடாத, இரத்தக் கசிவு நோய் என்று சந்தேகமில்லாத ஒருவருக்கு மற்ற முடிவுகளுக்காகக் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள்.

நோயின் அளவை 0 முதல் 42 வரை மதிப்பிடும் என்.ஐ.ஹெச். பக்கவாத அளவுகோலைப் பயன்படுத்துங்கள். எண்ணை எழுதி வைத்தால் ஒரு மணி நேரம் கழித்து வருகிறவர், நோயாளி தேறியிருக்கிறாரா, சரிந்திருக்கிறாரா என்று சொல்ல முடியும். ஆனால் அந்த அளவுகோல் கை, கால், பேச்சுக்கே அதிக எடை கொடுக்கிறது. சிறுமூளையில் அடைப்புள்ளவர் எண் பூஜ்யமாக இருந்தும் நடக்க முடியாமல் இருப்பார். எழுப்பி உட்கார வைக்காமல், நடக்க வைக்காமல் "ஒன்றுமில்லை" என்று எழுதாதீர்கள்.

இரத்த அழுத்தம் 190 என்றதும் நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அடைப்பின் ஓரத்தில் உயிருக்குப் போராடும் மூளைப் பகுதி அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. ஊசி போடுவதென்றால் 185-க்கு 110-க்குக் கீழே, சிரை வழியாகச் செலுத்தும் மருந்தால், அளவோடு கொண்டுவர வேண்டும். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220-க்கு 120-ஐத் தாண்டும்வரை தொட வேண்டியதில்லை. கசிவு என்று ஸ்கேன் சொன்ன பிறகு கணக்கு வேறு. அங்கே 140 அளவுக்குக் குறைப்பதுதான் நோக்கம். எது என்று தெரியுமுன் கை வைக்காதீர்கள்.

ஆறாம் படி: ஸ்கேனைப் புரிந்துகொள்வது

மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. போதும்; வந்து சேர்ந்த இருபது நிமிடத்துக்குள் எடுப்பதை இலக்காக வையுங்கள். புதிய இரத்தக் கசிவு உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படியல்ல. முதல் சில மணி நேரத்தில் ஸ்கேன் முற்றிலும் சாதாரணமாக இருக்கலாம். கூர்ந்து பார்த்தால் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள எல்லை மங்கியிருக்கும். அடைபட்ட குழாயே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியவும் கூடும்.

"சி.டி. நார்மல், பக்கவாதம் இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டு, மறுநாள் ஒரு பக்கம் முழுவதும் செயலிழந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கை தொங்குகிறது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால், "கசிவு இல்லை, அடைப்பாக இருக்கலாம், ஊசி போட வழி இருக்கிறது" என்பதே அதன் பொருள். அந்த நல்ல செய்தியை நாம் தலைகீழாகப் படிக்கிறோம்.

பெரிய குழாய் அடைப்பு என்ற சந்தேகம் இருந்தால், அதாவது கண் இரண்டும் ஒரே பக்கம் இழுத்து நிற்க, எதிர்ப்பக்கக் கை கால் முழுதும் விழுந்திருந்தால், குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. அடைப்பை மிக முன்பே காட்டும். தூக்கத்தில் வந்து, நேரம் தெரியாதவர்களில் சிலருக்கு இன்னும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்கவும் அது உதவுகிறது. அப்பத்தாவின் காலத்தில் அந்த வழி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

ஏழாம் படி: பக்கவாதம் போலத் தோன்றுபவை

சர்க்கரை இறங்குவது முதலாவது. வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டே சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளும் பாட்டிமார்கள் நம் ஊரில் அதிகம். சர்க்கரை 60-க்குக் கீழே போனால் ஒரு பக்கக் கை கால் விழுந்து, வாய் குழறி, அசல் பக்கவாதமாகவே காட்டக்கூடும். குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடத்தில் எழுந்து உட்காருவார். சர்க்கரை பார்த்து, குறைந்திருந்தால் ஏற்றுங்கள். பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு பாட்டில் ஏற்றுவது தவறு. உண்மையான பக்கவாதத்தில் உயர்ந்த சர்க்கரை மூளையை மேலும் கெடுக்கும்.

முகவாதம். இதில் முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் போகும்: நெற்றி சுருங்காது, கண் மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். "புருவத்தை உயர்த்துங்கள்" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். கை, பேச்சு, நடை எல்லாம் சரியாக இருந்து நெற்றியும் போயிருந்தால் முகவாதமாக இருக்கலாம். அந்த முடிவை வீட்டில் எடுக்காதீர்கள்.

வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு சிலருக்குச் சில மணி நேரம் ஒரு பக்கம் பலவீனமாக இருக்கும். வலிப்பை நேரில் பார்த்தவர் மருத்துவமனைக்கு வந்தால்தான் இது பிடிபடும்.

நம் வட்டாரத்துக்கு உரியது இன்னொன்று. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இரண்டு இமைகளும் தொங்கி, வாய் குழறி, விழுங்க முடியாமல் இருந்தால் கட்டுவிரியன் கடியை நினையுங்கள். கடித்த இடம் வலிக்காது. தடம்கூடத் தெரியாமல் போகலாம். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். இந்த நஞ்சு இரு பக்கத்தையும் சமமாகப் பிடிக்கும். கண்ணாடிவிரியன் நஞ்சோ இரத்தம் உறைவதைக் கெடுத்து மூளையில் உண்மையான கசிவையே உண்டாக்கக்கூடும்.

எட்டாம் படி: நழுவிப்போகும் பக்கவாதம்

தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் "பித்தம்" என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுப்போம். பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறுதான். ஆனால் மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்தால் கை கால் நன்றாக இருக்க, இதே தோற்றம் வரும். யாராவது பிடிக்காமல் உட்காரவோ நிற்கவோ முடியவில்லை என்றால் மூளை என்றே எண்ணிப் போங்கள். எல்லாம் இரண்டாகத் தெரிவது, குரல் மாறுவது, புதிய பின்கழுத்து வலி இருந்தாலும் அப்படியே.

மருத்துவர்களுக்கு: தலைசுற்றல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி நோயாளியின் தலையைச் சட்டென்று சிறிது திருப்புங்கள். கண் நழுவி மீண்டும் மூக்குக்குத் திரும்பினால் காது. கண் நழுவாமல் அப்படியே நின்றால் அது ஆறுதல் அல்ல, அபாயம். பக்கத்துக்குப் பக்கம் திசை மாறும் கண் துடிப்பும், ஒரு கண் மேலும் ஒரு கண் கீழுமாக நிற்பதும் மூளையைக் காட்டுகின்றன. பின்மூளை அடைப்பைச் சி.டி. பெரும்பாலும் தவறவிடும், எம்.ஆர்.ஐ.கூட முதல் ஒன்றிரண்டு நாளில் தவறவிடலாம்.

இளம்பெண்களையும் தவற விடுகிறோம். பிரசவமாகிச் சில வாரத்தில் தீராத தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் உறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு, இதயத்தில் உருவாகும் உறைவு மூளைக்கு ஓடும். எல்லாப் பக்கவாத நோயாளிக்கும் இ.சி.ஜி. எடுத்து, இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஒன்பதாம் படி: வந்து போன வாதம்

ஐந்து நிமிடம் வாய் குழறியது, பிறகு சரியாகிவிட்டது; எழுந்து குளித்துவிட்டு மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறிவிட்டார். இது தப்பித்ததாகாது. முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அன்றே மருத்துவமனைக்குப் போய் மூளை ஸ்கேன், கழுத்துக் குழாய் ஸ்கேன், இ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மருத்துவரிடம் "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று தொடங்காமல், "இன்று காலை ஏழரைக்கு ஐந்து நிமிடம் பேச்சு வரவில்லை" என்று தொடங்குங்கள்.

வீட்டில் ஒரு தாள் எழுதி, காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். 108, ஸ்கேனும் ஊசியும் உள்ள மருத்துவமனையின் பெயர், வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரைகள், யாருக்கு இரத்தம் உறையாத மருந்து, யாருக்குச் சர்க்கரை. தாளின் அடியில், "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்று எழுதி எதிரே இடம் விட்டு வையுங்கள்.

அப்பத்தா அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். வலது கையால் மட்டும் வெற்றிலை மடிக்கக் கற்றுக்கொண்டார். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அட்டையில் லிட்டருக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதித் தருகிறார்கள்.